விளக்குகள் எப்படி ஒளி தருகின்றன, ஏன் கெடுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொருள் ஒளி தர வேண்டுமானால் அதற்குள் என்ன நடக்க வேண்டும்?

பெரும்பாலான விளக்குகள் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கின்றன. முதல் வழி, பொருளை நன்றாகச் சூடாக்குவது. சூடான எந்தப் பொருளும் கதிர்வீசும். ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தக் கதிரில் ஒரு சிறு பகுதி இருட்டில் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என்று நிறம் மாறும். சூரியன், குண்டு பல்பு, மெழுகுவர்த்திச் சுடரின் மஞ்சள் பகுதி எல்லாம் இந்த வகை.

இரண்டாவது வழியில், அணுவிலோ படிகத்திலோ உள்ள எலக்ட்ரானை உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றிவிட்டு இறங்க விடுகிறோம். இறங்கும்போது அது விடும் ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. இறக்கத்தின் அளவுதான் நிறத்தை முடிவு செய்யும். டியூப்லைட், சோடியம் விளக்கு, எல்இடி ஆகியவை இந்த வகை. மின்மினியும் இதில்தான் சேரும், அங்கே எலக்ட்ரானை ஏற்றிவிடுவது வேதிவினை.

ஒரு விளக்கு எந்த வழியில் ஒளி தருகிறது என்று தெரிந்தால், அது எப்படிப் பழுதாகும் என்பதையும் முக்கால்வாசி ஊகித்துவிடலாம். கீழே உள்ள பதில்களில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

குண்டு பல்புக்குள் இருக்கும் கம்பி எரிகிறதா?

இல்லை. எரிய ஆக்சிஜன் வேண்டும், உள்ளே அது கிடையாது. மின்சாரம் பாயும்போது மின்தடையால் கம்பி சூடாகி ஒளிர்கிறது, அவ்வளவுதான். கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால்தான் கம்பி உண்மையிலேயே எரியும். அப்போது ஒரு நொடி பளிச்சென்று ஒளிவிட்டு, வெள்ளைப் புகைபோல டங்ஸ்டன் ஆக்சைடைக் கண்ணாடியில் படியவிட்டுப் போய்விடும். கெட்டுப்போன பல்பின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் கம்பி ஆவியாகித் தேய்ந்து அறுந்திருக்கிறது.

ஏன் டங்ஸ்டன்?

உலோகங்களிலேயே மிக அதிகமான உருகுநிலை அதற்குத்தான்: 3,422 டிகிரி செல்சியஸ். வீட்டு பல்பில் இழை ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் இரும்பு உருகி ஓடிவிடும். எடிசன் 1879-இல் கார்பன் இழையைப் பயன்படுத்தினார். கார்பன் எளிதில் உருகாதுதான், ஆனால் சீக்கிரம் ஆவியாகும், அதனால் குறைந்த சூட்டிலேயே வைக்க வேண்டியிருந்தது, ஒளியும் மங்கலாக இருந்தது. டங்ஸ்டனின் சிக்கல் வேறு: உடையும் தன்மையால் கம்பியாக இழுக்க வராது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வில்லியம் கூலிட்ஜ் அதை வளையும் கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகே, 1910-க்குப் பின், டங்ஸ்டன் பல்பு பரவியது. அடுத்து 1913-இல் அதே இடத்தில் இர்விங் லாங்மியூர், வெற்றிடத்துக்குப் பதிலாக மந்த வாயுவை நிரப்பினால் டங்ஸ்டன் ஆவியாவது குறையும் என்று காட்டினார். இன்றும் சாதாரண பல்பில் இருப்பது ஆர்கானும் கொஞ்சம் நைட்ரஜனும்தான்.

இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் சுருளுக்குள் சுருளாக இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை முதலில் ஒரு சுருளாகச் சுற்றி, அந்தச் சுருளையே மறுபடியும் சுற்றியிருப்பார்கள். வாயு கம்பியிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். நெருக்கமாகச் சுருட்டி வைத்தால் அந்த இழப்பு குறைகிறது.

அதில் ஒளியைவிடச் சூடுதானே அதிகம் வருகிறது?

ஆமாம். இழையின் 2,400 டிகிரி செல்சியஸ் என்பது ஏறக்குறைய 2,700 கெல்வின். அந்தச் சூட்டில் உள்ள பொருளின் கதிர்வீச்சு உச்சம் ஏறக்குறைய 1,070 நானோமீட்டர் அலைநீளத்தில் விழுகிறது. அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. நம் கண் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 வரை. ஆக, செலவாகும் மின்சாரத்தில் கண்ணுக்குப் பயன்படும் ஒளியாவது இருபதில் ஒரு பங்கு அளவுதான். சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின், அதன் உச்சம் 500 நானோமீட்டர் பக்கம் வருகிறது. அந்தச் சூட்டுக்கு இழையைக் கொண்டுபோகலாமே என்றால், அதைத் தாங்கும் திடப்பொருள் எதுவும் இல்லை. குண்டு பல்பின் திறன் ஒரு வாட்டுக்கு 12 முதல் 15 லூமெனை (லூமென் என்பது வெளிச்சத்தின் அலகு) தாண்டாததற்குக் காரணம் இதுதான். தயாரிப்பில் குறை இல்லை, இயற்பியலே அங்கே நிறுத்திவிடுகிறது.

பல்பு ஏன் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியிலேயே போகிறது?

230 வோல்ட், 60 வாட் பல்பை எடுத்துக்கொள்வோம். எரியும்போது அது இழுக்கும் மின்னோட்டம் 0.26 ஆம்பியர், மின்தடை ஏறக்குறைய 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள், 60 முதல் 70 ஓம்தான் காட்டும். குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை சூடானதில் பதின்மூன்றில் ஒரு பங்கு அளவு. அதனால் சுவிட்ச் போட்டவுடன் 3 ஆம்பியருக்கும் மேல் பாய்ந்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

பழைய இழையில் ஆவியாகி மெலிந்த இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் மின்தடை அதிகம், சூடும் அதிகம், ஆவியாவதும் அதிகம், அதனால் இன்னும் மெலியும். தொடக்க மின்னோட்டம் பாயும்போது மற்ற பகுதிகள் சூடாகும் முன்பே அந்த இடம் உருகி அறுந்துவிடுகிறது.

வோல்டேஜ் கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்?

குண்டு பல்புக்கு அது பெரிய விஷயம். 5 சதவீதம் கூடினால் வெளிச்சம் 18 சதவீதம் போலக் கூடும், ஆயுள் பாதியாகும். 10 சதவீதம் குறைந்தால் ஆயுள் மூன்று நான்கு மடங்கு நீளும், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போல் குறைந்து மஞ்சளடிக்கும். பல ஆண்டுகள் போகாமல் எரியும் பல்பு என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இப்படிக் குறைந்த சூட்டில் மங்கலாக எரிபவைதான்.

ஹாலோஜன் பல்பு எதில் வேறுபடுகிறது? அதை ஏன் விரலால் தொடக் கூடாது?

அதுவும் டங்ஸ்டன் இழைதான். உள்ளே சிறிதளவு அயோடின் அல்லது புரோமின் சேர்த்திருப்பார்கள். ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படியாமல் ஹாலோஜனோடு சேர்ந்து, மறுபடி இழையருகே வந்து சூட்டில் பிரிந்து, டங்ஸ்டனை அங்கேயே விட்டுவிடும். இது நடக்கச் சுவர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் குமிழைச் சிறிதாக, குவார்ட்ஸில் செய்கிறார்கள்.

விரல் பட்டால் எண்ணெயும் உப்பும் ஒட்டும். அந்த இடத்தில் குவார்ட்ஸின் அமைப்பு மாறி, பால்போல மங்கி, விரிசல் விடும். மாற்றும்போது காகிதத்தாலோ சுத்தமான துணியாலோ பிடியுங்கள். தொட்டுவிட்டால், எரியவிடும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

மெழுகுவர்த்திச் சுடர் ஏன் மஞ்சளாகவும் கீழே நீலமாகவும் இருக்கிறது?

மஞ்சள், சூட்டில் ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களின் நிறம். சுடரில் ஒரு கரண்டியைக் காட்டினால் அதே துகள்கள்தான் கரியாகப் படியும். அடியில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் கரித்துகள் உருவாவதில்லை. அங்கே வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள் நீலத்தை விடுகின்றன. ஒரே சுடரில் முதலில் சொன்ன இரண்டு வழிகளும் அடுத்தடுத்து நடக்கின்றன.

டியூப்லைட் எப்படி எரிகிறது?

குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கும். எலக்ட்ரான்கள் பாய்ந்து பாதரச அணுக்களை மோதும். மேலேறிய எலக்ட்ரான் இறங்கும்போது வருவது பெரும்பாலும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிர், அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடிதான், அதாவது பாஸ்பர்தான், அதை உறிஞ்சி வெள்ளொளியாக மாற்றுகிறது. சாதாரணக் கண்ணாடி 254 நானோமீட்டரை வெளியே விடாது. கிருமிநாசினி விளக்கு அதே பாதரசக் குழாய்தான், பாஸ்பர் இல்லாமல், புறஊதாவை விடும் கண்ணாடியில் செய்தது. அதை நேராகப் பார்க்கக் கூடாது, தோலில் படவும் விடக் கூடாது.

சோக், ஸ்டார்ட்டர் இரண்டும் எதற்கு?

குழாயில் மின்னோட்டம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். நேராக இணைத்தால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் வெடிக்கும். அதைக் கட்டுப்படுத்துவது சோக் என்ற கம்பிச்சுருள்.

ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் வாயுவும், வளையும் ஈருலோகப் பட்டையும் இருக்கும். சுவிட்ச் போட்டதும் முழு வோல்டேஜும் ஸ்டார்ட்டருக்கு வரும். வாயு ஒளிரும், பட்டை சூடாகி வளைந்து முனைகள் தொடும். இப்போது மின்சாரம் சோக் வழியாகக் குழாயின் இரு முனை இழைகளிலும் ஓடி அவற்றைச் சூடாக்கும். முனைகள் தொட்டுக்கொண்டதால் வாயு ஒளிர்வது நின்றிருக்கும், பட்டை ஆறி விலகும். விலகிய அந்தக் கணத்தில் சோக்கில் ஓடிய மின்னோட்டம் திடீரென அறுபடுவதால் பல நூறு வோல்ட் துடிப்பு எழும்பிக் குழாயை எரியவைக்கும். எரியத் தொடங்கியபின் நான்கடிக் குழாயில் 100 வோல்ட் அளவே விழுகிறது, ஸ்டார்ட்டரை மறுபடி தூண்ட அது போதாது. எரியும் டியூப்லைட்டின் ஸ்டார்ட்டர் அதன்பின் சும்மாதான் இருக்கிறது.

டியூப்லைட் எரியாமல் மின்னிக்கொண்டே இருக்கிறது. எதை மாற்றுவது?

மின்னி மின்னி எரியாமல், முனைகள் கறுத்துப் போயிருந்தால் குழாயின் ஆயுள் முடிந்தது. முனை இழைகளில் பூசியிருந்த பேரியம் கலந்த ஆக்சைடு தீர்ந்துபோனால் எலக்ட்ரான்கள் எளிதாக வெளிவராது. எரிய அதிக வோல்டேஜ் தேவைப்படும், அந்த வோல்டேஜ் ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் இயக்கும். இதில் ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பழைய குழாயை மின்னவிட்டே வைத்திருந்தால் புது ஸ்டார்ட்டரும் சோக்கும் சேர்ந்து கெடும்.

இரு முனைகளும் ஆரஞ்சாக ஒளிர்ந்து நடுவில் இருட்டாக இருந்தால், ஸ்டார்ட்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அல்லது அதிலுள்ள சிறு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றினால் போதும்.

எந்த அசைவும் இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழாயைக் கழற்றி, ஒரே முனையில் உள்ள இரண்டு ஊசிகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். சில ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இழை அறுந்திருக்கிறது. இரு முனையும் சரியாக இருந்தால் ஹோல்டர் பிடிப்பு, ஸ்டார்ட்டர், கடைசியாகச் சோக் என்ற வரிசையில் பாருங்கள். சோக் அரிதாகத்தான் போகும்.

மஞ்சள் தெருவிளக்கு ஏன் மெதுவாக எரிகிறது? மின்சாரம் போய் வந்தால் ஏன் உடனே எரிவதில்லை?

அது உயரழுத்த சோடியம் விளக்கு. சூடான சோடியம் சாதாரணக் கண்ணாடியையும் குவார்ட்ஸையும் அரிக்கும் என்பதால் உள்குழாய் அலுமினாவால் ஆனது. குளிர்ந்திருக்கும்போது சோடியமும் பாதரசமும் கலவையாக ஓரத்தில் உறைந்திருக்கும். சில ஆயிரம் வோல்ட் துடிப்பில் முதலில் வாயு எரிந்து, அந்தச் சூட்டில் சோடியம் ஆவியாகி, முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் ஆகும். அணைந்தவுடன் உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் அந்தத் துடிப்பால் ஆவியின் வழியே மின்சாரத்தைப் பாயவைக்க முடியாது. ஆறி அழுத்தம் குறைந்த பிறகே மறுபடி எரியும்.

எரிவதும் அணைவதுமாகவே ஒரு விளக்கு இருந்தால் அது வயதானதன் அடையாளம். அதற்குத் தேவையான வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், சோக் தரக்கூடியதைத் தாண்டியதும் அணையும், ஆறியதும் மீண்டும் தொடங்கும்.

குறையழுத்த சோடியம் விளக்கு இன்னும் தீவிரமானது. அதன் ஒளி ஏறத்தாழ முழுவதும் 589 நானோமீட்டர் மஞ்சள் மட்டும். அதன் கீழே சிவப்புத் துணியும் நீலத் துணியும் சாம்பல், கறுப்பு என்றே தெரியும்.

எல்இடியில் சூடான கம்பியோ வாயுவோ இல்லை. ஒளி எங்கிருந்து வருகிறது?

குறைக்கடத்திப் படிகத்தில் எலக்ட்ரான் மிகுந்த பக்கமும் எலக்ட்ரான் குறைந்த பக்கமும் சேரும் சந்திப்பு ஒன்று உண்டு. மின்சாரம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அங்கே வந்து காலி இடங்களில் விழும். விழும் ஆழம் அந்தப் படிகத்தின் ஆற்றல் இடைவெளி. 1,240-ஐ ஒளியின் அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் இடைவெளி எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றல் அலகில் கிடைக்கும். 625 நானோமீட்டர் சிவப்புக்கு ஏறத்தாழ 2, 450 நானோமீட்டர் நீலத்துக்கு ஏறத்தாழ 2.75. சிவப்பு எல்இடி 2 வோல்ட் அளவிலும் நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் அளவிலும் எரிவது இதனால்தான்.

நிக் ஹோலோன்யாக் 1962-இல் சிவப்பு எல்இடியைச் செய்தார். நீலத்துக்கு முப்பது ஆண்டு ஆனது. காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையின்றி வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. அதைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீலம் கிடைத்ததால்தான் வெள்ளை கிடைத்தது. அணைந்திருக்கும் எல்இடியைக் கிட்டப் பாருங்கள், மஞ்சளாக ஒரு பூச்சு தெரியும். அதுதான் பாஸ்பர். நீல ஒளியில் ஒரு பகுதியை அது மஞ்சளாக மாற்றும், மீதி நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து வெண்மையாகத் தெரியும்.

12 வோல்ட் பேட்டரியில் வெள்ளை எல்இடியை நேராக இணைக்கலாமா?

கூடாது. வோல்டேஜ் சற்றே கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறும், சூடானால் இன்னும் ஏறும். ரெசிஸ்டர் கட்டாயம். 20 மில்லிஆம்பியர் எல்இடிக்குக் கணக்கு இது: 12-இல் 3 போக 9 வோல்ட், அதை 0.02-ஆல் வகுத்தால் 450 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 470 ஓம், கால் வாட் போதும். மூன்று எல்இடியைத் தொடராக இணைத்தால் 150 ஓம் போதும், வீணாகும் மின்சாரமும் குறையும். கார் பேட்டரியில் இணைத்தால் 12-க்குப் பதிலாக 14.5 வோல்ட் என்று வைத்துக் கணக்கிடுங்கள், என்ஜின் ஓடும்போது வோல்டேஜ் அந்த அளவுக்கு ஏறும்.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்ட எல்இடி பல்பு ஏன் அதற்கு முன்பே போகிறது?

அந்த எண் பெரும்பாலும் எல்இடி துண்டு 70 சதவீத வெளிச்சத்துக்கு மங்கும் காலத்தைக் குறிக்கிறது. பல்புக்குள் வேறு பாகங்களும் உண்டு, முதலில் போவது அவைதான். வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்சுற்றான டிரைவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கிறது. எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் அணையும். அறுந்ததின் மஞ்சள் பூச்சில் ஊசி முனை அளவு கறுப்புப் புள்ளி தெரியும்.

எல்லாவற்றுக்கும் வேர் சூடு. 9 வாட் பல்பில் ஏறக்குறைய 6 வாட் சூடாகத்தான் போகிறது. குண்டு பல்பு தன் சூட்டை அகச்சிவப்பாக வெளியே வீசிவிடும். எல்இடிக்கு அந்த வசதி இல்லை, சூடு அடிப்பாகம் வழியாகவே போக வேண்டும். முழுதும் மூடிய கண்ணாடிக் கூண்டில் மாட்டினால் டிரைவர் வெந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு, மூடிய கூண்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

மூடியைக் கழற்றிவிட்டு எரியவைத்துப் பார்க்க வேண்டாம். பல மலிவான பல்புகளில் டிரைவர் மின்வழங்கலிலிருந்து பிரிக்கப்படாதது. எல்இடி பலகையைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறதே?

சில நொடியில் அடங்கினால் கெப்பாசிட்டரில் மிஞ்சிய மின்னூட்டம், பிரச்சினை இல்லை. இரவெல்லாம் எரிந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் மின்னோட்டமே போதும், சாதாரண சுவிட்சாக மாற்றினால் நிற்கும். சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் டெஸ்டர் எரியும். இது ஆபத்து, எலக்ட்ரீஷியனை வைத்து உடனே மாற்ற வேண்டியது. இரண்டும் இல்லையென்றால், மின்சாரம் ஓடும் ஒயரோடு ஒட்டி நீளமாகப் போகும் சுவிட்ச் ஒயரில் தூண்டலால் வரும் கசிவு.

வாட், லூமென், கெல்வின், சிஆர்ஐ: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வெளிச்சம் எவ்வளவு என்பது லூமென். வாட் செலவை மட்டும் சொல்லும். பழைய 60 வாட் குண்டு பல்பின் இடத்துக்கு 700 முதல் 800 லூமென் வேண்டும். கெல்வின் நிறத்தைச் சொல்லும்: 2,700 மஞ்சள் கலந்த வெண்மை, 4,000 நடுத்தரம், 6,500 நீலம் கலந்த வெண்மை.

பலரும் கவனிக்காதது சிஆர்ஐ. பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான மதிப்பெண் அது. குண்டு பல்பு ஏறக்குறைய 100. எல்இடியில் 80-க்குக் குறைவானதை வீட்டுக்கு வாங்காதீர்கள். தையல், ஓவியம், காயத்தைப் பார்த்து மருந்திடுவது போன்ற வேலைகளுக்கு 90-க்கு மேல் தேவை. சிவப்பு சரியாகத் தெரியாத விளக்கில் தோலும் இரத்தமும் வேறு நிறமாகத் தெரியும்.

ஒரு விளக்கு எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பழைய சிடி ஒன்று போதும். இருட்டறையில் விளக்கை மட்டும் எரியவிட்டு, சிடியைச் சாய்த்து அதில் விழும் நிறப்பட்டையைப் பாருங்கள். குண்டு பல்பில் சிவப்பிலிருந்து ஊதாவரை இடைவெளியே இல்லாத பட்டை வரும். சிஎஃப்எல்லில், அதாவது வளைத்துச் சிறிதாக்கிய டியூப்லைட்டில், பட்டை துண்டு துண்டாகப் பிரிந்து, விளக்கின் வடிவமே பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று என்று தனித்தனியே தெரியும். வெள்ளை எல்இடியில் நீலம் பளிச்சென்றும், அடுத்து ஒரு மங்கிய இடைவெளியும், பிறகு பச்சை முதல் சிவப்பு வரை அகலமான பட்டையும் வரும். சூரியனை இப்படிப் பார்க்காதீர்கள், கண் கெடும்.

மின்மினியின் ஒளி சுடுவதில்லையே, அது எப்படி?

லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேர்கிறது. அந்த வினையின் ஆற்றல் எலக்ட்ரானை மேலே ஏற்றுகிறது, அது இறங்கும்போது மஞ்சள் கலந்த பச்சை ஒளி வருகிறது. சூடாக்கும் படியே இடையில் இல்லை. உடைத்து ஒளிரவைக்கும் குச்சிகளும் இந்த வகைதான், அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு வேலை செய்கிறது. வேதிவினை என்பதால் வெந்நீரில் போட்டால் பளிச்சென்று ஒளிர்ந்து சீக்கிரம் தீரும், குளிரில் மங்கலாக நெடுநேரம் ஒளிரும்.

சிஎஃப்எல்லோ டியூப்லைட்டோ உடைந்துவிட்டால் என்ன செய்வது?

உள்ளே இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். பதற வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏசியை நிறுத்திவிட்டு, 10 முதல் 15 நிமிடம் அறையை விட்டு விலகியிருங்கள். திரும்பி வந்து கையுறை போட்டுக்கொண்டு, கெட்டியான அட்டையால் துண்டுகளை அள்ளுங்கள். பொடியை ஒட்டும் டேப்பால் எடுத்து, கடைசியில் ஈரக் காகிதத்தால் துடையுங்கள். துடைப்பமும் வாக்யூம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் பாதரசத்தைக் காற்றில் பரப்பும். அள்ளியதையும் துடைத்த காகிதத்தையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அடைத்து, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு அல்லது ஆபத்தான கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உடையாமல் வெறுமனே கெட்டுப்போன குழாயையும் அங்கேதான் கொடுக்க வேண்டும்.